செலண்டார் முனை

…கழுத்தா தோள்பட்டையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓர் இடத்தில் வலி, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மத்தியானத்திலிருந்து தலையைச் சாய்த்தே வைத்திருந்தால் வலிக்காமல் என்ன செய்யும், நிமிர்த்தினால் போன் நழுவும், நழுவினால் அந்தப் பக்கத்திலிருந்து மாமா "மாப்ள, மாப்ள, இருக்கியா" என்று கத்துவார், கத்தினால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருக்கும் ராகினி தலையைத் தூக்கிப் பார்ப்பாள்… வலிக்கட்டும், வலித்துவிட்டுப் போகட்டும். இதெல்லாம் ஒரு வலியா? அப்பா காளிமுத்து தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர், கூரையைவிட உயரமான கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து அண்ணாந்தே நிற்கிற வேலை, குலை எந்தப் பக்கம் விழும் என்று பார்த்துக் காலை நகர்த்த வேண்டும், நகர்த்தத் தவறியவன் இடுப்பு ஒடிந்து லயத்து வீட்டில் கிடந்ததெல்லாம் உண்டு, ராத்திரி படுத்தால் அவர் கழுத்து எந்தப் பக்கமும் திரும்பாது, அக்காள் தைலம் தேய்ப்பாள், மனிதர் ஒரு முனகல் போட மாட்டார். அவர் பெற்ற பிள்ளை ஏர்கான் அறையில் சுழல்நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கழுத்து வலிக்கிறது என்கிறான். பசி வேறு. கடையில் ஏதாவது பொட்டலமாகத் தப்பாவ் வாங்கி வரச் சொல்லட்டுமா என்று ராகினி கேட்டபோது வேண்டாம் என்று எதற்குச் சொன்னான்? அவள் வாங்கிக் கொடுத்ததைத் தின்ன என்னவோ போல் இருந்தது, அவ்வளவுதான், அவள்மேல் என்ன தப்பு இருக்கிறது, காலையில் ஒரு விஷயத்தைச் சொன்னாள், அதோடு சரி.

"அடிச்சிட்டேன் மாப்ள. அடுத்த லைன் போலாமா?" என்றது போன். தனபாலன் மாமா, அக்காள் பவானேஸ்வரியின் புருஷன், செலண்டார் தோட்டத்து ஆபீசில் கிராணி, ஆள் கணக்கு எழுதும் கிளார்க். லயத்தில் பிறந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள், அதற்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் வேறு ஊர்க்காரர்கள், வேறு மாதிரி தமிழ் பேசியவர்கள், சன்னல் வழியாகச் சம்பளத்தைத் தள்ளிவிட்டு ஆளின் முகத்தைப் பார்க்காதவர்கள். இப்போது மாமா அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நேற்று வசந்தன் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த தாளைப் பார்த்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு நீல வயர் ரூட்டர் என்ற கறுப்புப் பெட்டிக்குப் போகிறது. அதே மாதிரி கறுப்புப் பெட்டி இங்கே, மலாக்கா டவுனில், அதே தோட்டக் கம்பெனியின் தலைமை ஆபீசில், வசந்தன் முட்டிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு. அந்தப் பெட்டிக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவே எல்லாருக்கும் பொதுவான இண்டர்நெட், பொதுவழி, அதில் கம்பெனிக் கணக்கைத் திறந்த லாரியில் ஏற்றி அனுப்பினால் எவனும் எட்டிப் பார்ப்பான், ஆகவே இந்த ரூட்டர் பூட்டி அனுப்ப வேண்டும், அந்த ரூட்டர் மட்டுமே திறக்க வேண்டும், இதற்கு டனல் என்று பேர், இதைப் போட்டுக் கொடுக்கத்தான் வசந்தனுக்கு அவன் கம்பெனி சம்பளம் தருகிறது. நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இதை விளக்கியதும் மாமா, "அப்ப மில்லுலேருந்து எண்ணெ லாரிய சீல் வச்சு அனுப்புற மாதிரின்னு சொல்லு" என்றார். அதே மாதிரிதான். "சீலுக்கு நம்பர்?" அதுதான் கீ மாமா, ரெண்டு பக்கமும் ஒரே கீ, நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. மாமா அக்காளைத் திரும்பிப் பார்த்தார். "ஒன் அக்காகிட்ட கூட சொல்ல மாட்டேன்டா." அக்காள், "ஆமா, சொல்லிட்டா நான் பாசார் மாலாம் சந்தையில வித்துருவேன்" என்று இன்னொரு கரண்டி கோழிக் குழம்பை வசந்தன் தட்டில் ஊற்றினாள். நேற்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நேற்று அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"வசந்தன், இன்னிக்கு டனல் வந்துரும்தானே?" என்று ராகினி காலையில் மைலோ கலக்கிக்கொண்டே கேட்டாள். தங்கா பத்துவில் வீடு, அப்பா கஸ்டம்சில் இருந்து ஓய்வு பெற்றவர், கணக்குப் பிரிவில் மேனேஜருக்கு அடுத்தபடி அவள்தான். "வந்தா நல்லது லா. செக்ரோல், ஆளுங்க சம்பளக் கணக்கு, இனிமே இங்கேயே போட்டுக்கலாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. எஸ்டேட் கிளார்க்குக்கு மாசக் கடைசியில வேலை இல்லன்னு லெட்டர். குவாட்டர்ஸ் வீட்டையும் திருப்பி எடுத்துக்குவாங்க. ஃபேமிலி மேன், பாவம்தான், ஆனா இந்த எக்கானமியில யார என்ன சொல்றது. நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, நான்தான் மாட்டுவேன்." வசந்தன் "ஓ" என்றான். ஓ. அவ்வளவுதான் வந்தது வாயில். அந்தக் கிளார்க் என் மாமா என்று சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் அவள் முகம் எப்படிப் போயிருக்கும், உடனே மேனேஜரிடம் ஓடியிருப்பாளா, சொந்தக்காரனை வைத்து வேலை நடக்கிறது என்று அவன் கம்பெனிக்குப் போன் போயிருக்குமா… போன வருஷம் ரிங்கிட் சரிந்ததிலிருந்து அவன் கம்பெனியிலும் ஆள் குறைந்துகொண்டே வருகிறது, இந்த மாதிரி வேலைக்கு முன்பெல்லாம் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு முனை, கூட வேலை செய்த திலீப்பை நோன்புப் பெருநாளுக்கு முன்னால் அனுப்பிவிட்டார்கள், அதனால்தான் இந்த முனையில் வசந்தன், அந்த முனையில் மாமா. யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, சிரிப்பா அது? தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிற மனிதர் போன் போட்டு, முடிச்சு சரியாக இருக்கிறதா மாப்ள என்று கேட்கிறார், இவனும் இன்னும் கொஞ்சம் இறுக்குங்க மாமா என்கிறான்.

கீயை அடித்தாகிவிட்டது, எந்த முறையில் பூட்டுவது என்பதை அடித்தாகிவிட்டது, எந்தச் சரக்கைப் பூட்ட வேண்டும் என்ற வரியையும் மாமா அடித்துவிட்டதாகச் சொன்னார். "எல்லாம் தாள்ல இருக்கிற மாதிரிதானே மாமா?" "எல்லாம் டேலி மாப்ள. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு, நான் ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாத்துட்டேன்." பார்ப்பார், அதில் சந்தேகமே வேண்டாம். அடித்ததைச் சேவ் பண்ண வைத்து, பெட்டியை அணைத்துப் போடச் சொன்னான், அது எழுந்து வரக் கொஞ்ச நேரம் ஆகும், அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அங்கே ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், யாரோ ஒரு பெண்பிள்ளை சன்னலில் நின்று, கிராணியாரே, எம் பேருல மூணாந் தேதி விட்டுப்போச்சாம் என்று கேட்கிறாள், "முனியாயி, விட்டுப்போகலம்மா, நீ அன்னிக்கு உரம் போடப் போன, அது வேற பக்கத்துல இருக்கு, போ, போய்த் தண்ணி குடி" என்று மாமா அவளை அனுப்புகிறார். புத்தகத்தைப் பார்க்காமலே சொல்கிறார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாப்ள, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். வசந்தன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். தெரிந்துவிட்டதோ? தெரிந்துவிட்டால் எவ்வளவு நல்லது.

தெரியவில்லை. டுரியான் துங்காலில் ஒரு கையுறை பேக்டரி இருக்கிறதாம், அங்கே ஸ்டோர் கிளார்க் வேலை, மாமாவின் சிநேகிதர் சாமிநாதன் சொல்லி வைத்தது, இன்டர்வியூ எல்லாம் போய்வந்தாகிவிட்டது, வா வா என்கிறார்கள். "இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஆமான்னோ இல்லன்னோ சொல்லியாவணும். இல்லாட்டி வேற ஆளப் போட்ருவானுங்க, வெளியில நூறு பேரு நிக்கிறானாம். ஒன் அக்கா போங்கன்னுதான் சொல்றா. எனக்குத்தான் மனசு வரமாட்டேங்குது. இத்தன வருஷம் போடாத கம்ப்யூட்டர இப்ப போட்ருக்கான், ஒன்ன மாதிரி ஆளுங்கள அனுப்பி லைன் இழுத்திருக்கான், எதுக்கு? ஆபீச மூடவா இழுப்பான்? இனிமேதான் இங்க நமக்கு வேலையே. நீ இதுலயே இருக்கிறவன், நீ சொல்லு, இந்த டனல் வந்தா இங்க எப்படி?" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டும் சத்தம் நின்றது. நின்றதா, இவனுக்கு அப்படித் தோன்றியதா? அவளுக்குத் தமிழ் புரியும், சீன மேனேஜராக இருந்தால் அவர் மூக்குக்கு நேராகவே சொல்லிவிடலாம், அட, மலாய்க்காரராக இருந்தால்கூடச் சொல்லலாம், இவள் தமிழ்ப் பெண், போங்க என்ற ஒரு வார்த்தை, விடாதீங்க என்ற ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. பேச்சை எப்படி மாற்றிச் சொல்வது, அக்கா சொல்றதக் கேளுங்க மாமா என்றால் போதாதா, அதில் என்ன ரகசியம் உடைந்துவிடும்? வாயைத் திறந்தான். "பெட்டி எழுந்திருச்சா பாருங்க மாமா, பச்சை லைட் வந்துச்சா?" என்றது வாய். வந்துருச்சு மாப்ள என்றார் மாமா, கேட்ட கேள்வியை அப்படியே மடித்து வைத்துவிட்டு, அவசரப்படாமல்.

சோதித்துப் பார்த்தான். இங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால் அங்கிருந்து பதில் வர வேண்டும், வந்தால் திரையில் வரிசையாக ஆச்சரியக்குறிகள் விழும், வராவிட்டால் புள்ளி. புள்ளி. புள்ளி புள்ளி புள்ளி. ராகினி எழுந்து வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், சென்ட் வாசனை. "வரலயா?" கொஞ்ச நேரம் என்றான். உள்ளே எங்கேயோ ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது, வராமலே போகட்டுமே, லைன் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம், டெலிகாம் மேல் பழியைப் போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், ஒரு வாரம் தள்ளும், இரண்டு வாரம் தள்ளும்… தள்ளினால்? லெட்டர் மாசக் கடைசியில் வராமல் அடுத்த மாசக் கடைசியில் வரும், பேக்டரி இன்றைக்கே போய்விடும். டனல் வராததால் மாமா பிழைக்கப் போவதில்லை, டனல் வந்ததாலும் சாகப் போவதில்லை, ஒரு வார்த்தைதான், அதற்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அப்படியிருக்க இவன் ஏன் பெட்டியையே முறைத்துக்கொண்டிருக்கிறான்? முறைத்தான். எழுத்துகளை ஓடவிட்டான், இரண்டு ரூட்டரும் ஒன்றோடொன்று என்ன பேசிக்கொள்கின்றன என்பது வரிவரியாகத் திரையில் ஏறியது, முதல் பேச்சு முடிந்துவிட்டது, கீ பொருந்திவிட்டது, நீ நீதான் நான் நான்தான் என்று கை குலுக்கிவிட்டன, இரண்டாவது பேச்சில்தான் தகராறு, எந்தச் சரக்கைப் பூட்டலாம் என்று இது கேட்கிறது, அது முடியாது என்கிறது, மறுபடி கேட்கிறது, முடியாது. ஏன் முடியாது? இந்த முனையில் எல்லாம் சரி, மூன்று தடவை பார்த்துவிட்டான், கை வேர்த்துவிட்டது, இந்த ஏர்கானிலும் வேர்க்கிறது. பசி, வலி, மாமா, அக்காள், எல்லாம் எங்கேயோ போய்விட்டன, முடியாது என்கிற அந்த ஒற்றை வரி மட்டும் முகத்துக்கு நேராக நின்றது, பல்லில் மாட்டின நார் மாதிரி, எடுக்காமல் தூங்க முடியாது.

"மாமா, தாளப் பாக்காதீங்க. ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அதப் படிங்க. ஒவ்வொரு லைனா." மாமா படித்தார், நிதானமாக, எண்களுக்கு நடுவில் புள்ளி வரும்போதெல்லாம் புள்ளி என்று அழுத்திச் சொல்லி, விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிடுகிற மாதிரி. கீ சரி. பூட்டு சரி. சரக்கு வரி வந்தது, டவுன் நம்பர் முதலில், தோட்டத்து நம்பர் பிறகு. "நிறுத்துங்க. திருப்பிப் படிங்க." திருப்பிப் படித்தார். டவுன் முதலில், தோட்டம் பிறகு. அப்படி இருக்கக் கூடாது, இங்கே இருப்பதுதான் அப்படி, டவுனிலிருந்து தோட்டத்துக்கு, அங்கே அது தலைகீழாக இருக்க வேண்டும், தோட்டத்திலிருந்து டவுனுக்கு, அவரவர் நிற்கிற இடத்திலிருந்துதானே அவரவர் வழி தொடங்கும், இங்கே நிற்பவனுக்குப் போகிற லாரி அங்கே நிற்பவனுக்கு வருகிற லாரி. நேற்று அப்படித்தான் எழுதிக் கொடுத்தான், இடது பக்கம் டவுன், வலது பக்கம் தோட்டம் என்று இரண்டு பத்தியாக, நன்றாக ஞாபகம் இருக்கிறது, மாற்றி எழுதவே இல்லை. "தாள்ல அப்படியா எழுதியிருக்கேன்?" அந்தப் பக்கம் ஒரு இருமல். "தாள்ல வேற மாதிரி இருந்துச்சு மாப்ள. ஒன் பக்கத்துல ஒரு மாதிரி, எம் பக்கத்துல ஒரு மாதிரி. அவசரத்துல மாத்தி எழுதிட்ட போலருக்குன்னு நான்தான் சரி பண்ணேன். அந்தம்மா பக்கத்துல இருக்காங்கன்னு சொன்னியா, ஒன் தப்ப எதுக்குப் போன்ல சொல்லி அசிங்கப்படுத்தணும்னு…"

சரி பண்ணினார். இரண்டு புத்தகம் இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், வேறென்ன தெரியும் அவருக்கு, வேறென்ன கற்றுக் கொடுத்தது அந்த ஆபீஸ்? வெளிக்காட்டில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் கையில் ஒரு சின்னப் புத்தகம், ஆபீசில் பெரிய புத்தகம், சாயந்திரம் இரண்டையும் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும், ஒரு கோடு வித்தியாசப்பட்டாலும் யாரோ ஒருவனுடைய ஒரு நாள் காணாமல் போகும், பழைய கிராணி காலத்தில் அப்படி எத்தனை நாள் போயிற்று, பிச்சைமுத்து என்று ஒருவர் போன நாளைக் கேட்கப் போய் ஆபீஸ் வாசலில் மண்ணில் உட்கார்ந்து அழுததைச் சின்ன வயதில் வசந்தனே பார்த்திருக்கிறான், பெரிய ஆம்பிளை, மீசை வைத்தவர், ஒரு நாள் கூலிக்கு அழுதார். மாமா அந்த நாற்காலிக்கு வந்த பிறகு யாருடைய நாளும் போனதில்லை, லயத்தில் அவருக்கு இருக்கிற மரியாதை அதற்குத்தான். வித்தியாசத்தைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. இதெல்லாம் வசந்தனுக்குத் தெரியும், தெரிந்துதான் இருந்தது, ஆனாலும் பின்னால் சென்ட் வாசனை நின்றுகொண்டிருந்தது, மத்தியானம் முழுக்கப் போய்விட்டது, கழுத்து நரம்பு மறுபடி சுண்டி இழுத்தது, "ஒங்கள யாரு சரி பண்ணச் சொன்னது?" என்று அவன் குரல் எழும்பியது. "நான் என்ன எழுதிக் குடுத்தேனோ அத அடிக்கிறதுதான் ஒங்க வேல. ரெண்டும் ஒண்ணா இருந்தா வேல செய்யாது. தெரியாட்டி கேக்கணும். சொந்தமா மூளைய உபயோகிக்க வேணாம்." ராகினி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். இது யார் குரல்? எங்கேயோ கேட்ட குரல்தான், காலைப் பெரட்டில், இருட்டில், டார்ச் லைட்டுக்குப் பின்னால் நின்று அப்பாவைப் பார்த்துப் பேசிய குரல்.

அந்தப் பக்கம் தாளை மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க சார்" என்றார் மாமா.

சாரா? கிண்டலுக்குச் சொன்னாரா? மாமா கிண்டல் பண்ணுகிறவர்தான், கல்யாணமான புதிதில் பள்ளிக்கூடப் பையனான வசந்தனை இன்ஜினியர் சார், இன்ஜினியர் சார் என்று கூப்பிட்டுச் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு போவார், அந்தச் சார்தானா இது? ஆனால் அதில் சிரிப்பு இருந்தது, இதில் என்ன இருந்தது, ஒன்றும் இல்லையே, துரை முன்னால் தொப்பியைக் கழற்றுகிற மாதிரி அல்லவா இருந்தது. மன்னிச்சுக்குங்க மாமா என்று இப்போது சொன்னால் ராகினிக்கு விளங்கிவிடும், மாமா என்று மத்தியானத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறான், அது பரவாயில்லை, இங்கே வயதில் பெரிய ஆம்பிளை யாரும் மாமாதான், அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. மன்னிப்பு வேறு. மன்னிப்பை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம். "முன்னால நோ போட்டு அந்த லைன அடிங்க, பழசு அழிஞ்சுரும். அழிஞ்சுதா? இப்ப ஒங்க நம்பர் முதல்ல. தோட்டம். அப்புறம் டவுன்." ஒற்றை விரல் தட்டும் சத்தம் அவ்வளவு தூரத்திலிருந்தும் கேட்டது, டக், டக், நின்று, டக். "அடிச்சிட்டேன்." மாப்ள இல்லை. என்டர் தட்டச் சொன்னான்.

புள்ளி. ஒரே ஒரு புள்ளி. பிறகு ஆச்சரியக்குறி, ஆச்சரியக்குறி, ஆச்சரியக்குறி, திரையின் அந்த ஓரம்வரைக்கும், நட்டு வைத்த மாதிரி. வந்துவிட்டது. மார்புக்குள் ஒரு கதவு தடாலென்று திறந்தது, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே விட்டான், இதற்காகத்தானே இந்த வேலைக்கு வந்தான், இந்த ஒரு நிமிஷத்துக்காக, கையால் ஒன்றைத் தொட்டு அது எங்கேயோ மரத்துக்கும் மலைக்கும் அந்தப் பக்கம் பதில் சொல்கிற நிமிஷம், அப்பாவுக்கு ஒரு குலையை வெட்டித் தள்ளினால் கிடைப்பது முள்ளும் தூசியும்தான், இவனுக்கு இது கிடைக்கிறது. "வந்துருச்சு மாமா." "வந்துருச்சா? நெசமாவா? எம் பக்கத்துலேருந்தா?" மாமாவின் குரலில் சார் போய்விட்டது, பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. "அப்ப நான் இங்க அடிக்கிறத அங்க நீ பாக்கலாம், நடுவுல ஒருத்தனும் பாக்க முடியாது? நாம பேசுறதும் அப்படித்தானா?" "போன் வேற மாமா. போன யாரும் கேக்கலாம்." "அது சரி, இந்த ஆபீஸ் போன கேக்கிறவன் தலையெழுத்து." சிரித்தார். மன்னித்துவிட்டாரா? அல்லது மன்னிக்க ஒன்றும் இல்லையென்று நினைத்துவிட்டாரா? அதற்குள் ராகினி தன் மேசையில் செக்ரோலைத் திறந்துவிட்டாள், தோட்டத்துக் கம்ப்யூட்டரில் மாமா வாரக்கணக்கில் உட்கார்ந்து ஏற்றி வைத்த பேர்கள் இங்கே டவுனில் அவள் திரையில் இறங்கின, முனியாயி, பிச்சைமுத்து மகன், பெரியநாயகி, ஒவ்வொரு பேருக்கும் நேராக நாட்கள், உரம் போட்டது தனி, புல் வெட்டியது தனி. "ரொம்ப நீட்டா வச்சிருக்கார் லா இந்த கிளார்க்" என்றாள், மனதாரத்தான் சொன்னாள், "நமக்கு வேல ஈஸி. இருங்க, மேனேஜரக் கூட்டிட்டு வந்து காட்டுறேன்." செருப்புச் சத்தம் வராந்தாவில் போய், படியில் ஏறி, மறைந்தது.

அறையில் யாரும் இல்லை. அவனும் போனும் மட்டும். போனில் மாமா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலி நாற்காலி இன்னும் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "மாமா" என்றான். "சொல்லு மாப்ள." தொண்டையில் வார்த்தை தயாராகத்தான் இருந்தது, ஒரு மூச்சு போதும் அதற்கு… "செஞ்சத சேவ் பண்ணிட்டீங்களா? பண்ணாம விட்டா கரண்ட் போனதும் எல்லாம் போயிரும்." பண்ணிட்டேன் என்றார். "ரெண்டு தடவ?" ரெண்டு தடவ. "பவர் சுவிட்ச்ச யாரும் தொடாம பாத்துக்குங்க." "நான் இருக்கிற வரைக்கும் எவன் தொடுவான்? சரி மாப்ள, நான் வைக்கிறேன், இங்க போன் லைன் ஒண்ணுதான், மணி ஆயிருச்சு, அந்த பேக்டரிக்காரன் காத்துக்கிட்டிருப்பான், பாவம், வேணாம்னு சொல்லிர்றேன். ஒன் அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். ஞாயித்துக்கெழம வா, கடா வெட்டுறாங்க கோயில்ல." "மாமா, இருங்க…" என்று இவன் சொன்னது வைத்த போனுக்குள்தான் போயிற்று.

உடனே திருப்பி அடித்தான், விரல் நம்பர்களில் தடுக்கியது, அழித்து மறுபடி அடித்தான். டூட், டூட், டூட். பேசிக்கொண்டிருக்கிறார். டுரியான் துங்கால்காரனிடம் மாமா பேசிக்கொண்டிருக்கிறார், மரியாதையாக, ரொம்ப நன்றிங்க, மன்னிச்சுக்குங்க, இங்க ஆபீசுல கம்ப்யூட்டர் வந்துருச்சு என்று காரணமும் சொல்லிக்கொண்டிருப்பார். வைத்தான், எடுத்தான், அடித்தான். டூட், டூட். படியில் இரண்டு ஜோடி செருப்புச் சத்தம் இறங்கி வந்தது, மேனேஜரின் சிரிப்பு, ராகினியின் இங்கிலீஷ். ராகினி… மத்தியானம் முழுக்க அவளைத்தான் சுவராக நிறுத்தி வைத்திருந்தான், அவள் காது, அவள் தமிழ், அவள் வேலை போய்விடும், தன் வேலை போய்விடும். அவள் எழுந்து போனாளே, நாற்காலி சுற்றிக்கொண்டிருந்ததே, அப்போது யார் இருந்தார்கள்? அப்போதும் அவன் பெட்டியைத்தான் கேட்டான், சேவ் பண்ணிட்டீங்களா என்று, இரண்டு தடவை. முதலிலேயே சொல்லியிருந்தால் மாமா தாளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போயிருப்பார், ஆச்சரியக்குறிகள் விழுந்திருக்காது, இதற்குத்தான் பயந்தானா, வேறு எதற்குமில்லையா, இவ்வளவுதானா அவன்? அப்படியெல்லாம் இருக்காது. இருக்கலாம். கதவு திறந்தது, மேனேஜர் கையை நீட்டிக்கொண்டே வந்தார், வசந்தன் ஒரு கையால் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான், இன்னொரு கையில் போன் டூட் டூட் என்றுகொண்டிருந்தது. அந்த வேலைய விட்றாதீங்க மாமா. தனபாலன் மாமாவுக்கு இந்த ஒரு வார்த்தை பாக்கி, காலையிலிருந்தே பாக்கி, இன்னும் கொடுக்கவில்லை.